விங் சுன் நிஜச் சண்டைக்கு உதவுமா? ஹாங்காங்கில் கற்று, சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஹாங்காங்குக்கு வேலைக்கு வந்த முதல் வருடமே விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், பதினான்கு மாதம் தவறாமல் போனேன். அதற்கப்புறம் குத்துச்சண்டை பழகும் நண்பர் ஒருவருடன் இரண்டு நிமிடச் சுற்று மூன்று ஆடிப் பார்த்தேன். அவர் பழக ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் கற்ற எதுவும் அந்த ஆறு நிமிடத்தில் கைக்கு வரவில்லை. என் கை அவர் கையைத் தொடும் முன்பே குத்து வந்து திரும்பியும் போயிருந்தது.

அன்றைக்கு அந்தக் கலை மேலேயே கோபம் வந்தது. வேறோர் ஆசிரியரிடம் இன்னும் இரண்டு வருடம் பழகிய பிறகுதான் விஷயம் புரிந்தது. விங் சுன்னில் பயன்படும் சரக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் எதிர்த்து நிற்கும் ஆளிடம் அதைப் பழக்காத வகுப்பில் எத்தனை வருடம் இருந்தாலும் அது கைக்கு வராது. எந்த வகுப்பு எப்படிப்பட்டது என்று பணம் கட்டும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அது தெரியாமல் ஒரு வருடக் கட்டணமும் ஒரு வருட உழைப்பும் போயிற்று. உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஆறே மாதத்தில் தற்காத்துக்கொள்ளத் தெரிய வேண்டுமென்றால் குத்துச்சண்டைக்கோ, குத்தும் உதையும் சேர்ந்த சீனச் சண்டை விளையாட்டான சாண்டாவுக்கோ போங்கள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. உடற்பயிற்சி, மன அமைதி, சீனப் பண்பாட்டோடு ஒரு பழக்கம் போதும் என்றால் எந்த விங் சுன் வகுப்பும் நல்லதுதான். இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

கலையும் பிடித்திருக்கிறது, அது வேலை செய்யவும் வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள். வாரம் மூன்று நாள் என்று ஒன்றரை வருடம் ஒதுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைவான காலத்தில் எனக்குத் தெரிந்து யாருக்கும் இது சண்டைக்குப் பழகி வரவில்லை.

2. தங்கும் அனுமதி, ஆவணங்கள்

ஹாங்காங்கில் வேலையிலோ குடும்ப விசாவிலோ இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஹாங்காங் அடையாள அட்டை இருந்தால் போதும்.

இந்தியாவிலிருந்து சில நாட்கள் பழகிப் பார்க்க வருபவர்கள், வருகைக்கு முந்தைய பதிவை இணையத்தில் செய்துகொள்ள வேண்டும். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு 2017 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். பதிவு ஆறு மாதம் செல்லும். ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும். முடிவு பெரும்பாலும் உடனே வந்துவிடும். பதிவானதற்கான சீட்டை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய கவுண்டரிலேயே கேட்பார்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. ஹாங்காங் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்களாக இருக்கலாம், முகவரியைப் பார்த்து நுழையுங்கள். அடுத்தது நம் பெயர். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்காது, அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே பதிவிலும் டிக்கெட்டிலும் போடுங்கள். "இப்படிப் போட்டால் நன்றாக இருக்குமே" என்று நீங்களாக மாற்றினால் கவுண்டரில் மாட்டிக்கொள்வீர்கள்.

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். உண்மையாகப் பழகிப் பார்க்க இந்தக் காலம் போதும். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். கையில் ஒன்றரை மாதமாவது வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

பார்வையாளராக வந்தவர் வேலை செய்யக் கூடாது. "கட்டணம் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வகுப்பில் கூட நின்று உதவுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்ப்பதற்கு நட்பாக இருக்கும், சட்டத்தின் கண்ணில் அதுவும் வேலைதான்.

3. வகுப்பைத் தேடுவது

யாவ் மா தேய், மோங் கோக், ஜோர்டான் பகுதிகளின் பழைய கட்டடங்களில் மூன்றாம் மாடி, ஏழாம் மாடி என்று வகுப்புகள் இருக்கும். பலகை சீனத்தில் மட்டும் இருக்கலாம். இணையத்தில் தேடும்போது ஒரே கலையை ஆங்கிலத்தில் Wing Chun, Wing Tsun, Ving Tsun என்று விதவிதமாக எழுதியிருப்பார்கள். இது பெரும்பாலும் அந்தந்தக் கிளை தன்னைத் தனியாகக் காட்டிக்கொள்ளும் எழுத்துமுறை. சீன எழுத்து ஒன்றேதான்.

ஹாங்காங்கில் இந்தக் கலையைப் பரப்பிய ஆசிரியர் இப் மான். சுவரில் அவர் படம் எல்லா இடத்திலும் தொங்கும். யார் அவரிடம் நேரே பழகினார், எத்தனையாவது தலைமுறை என்று நீளமாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சை மரியாதையோடு கேளுங்கள். ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 1950-களில் மொட்டை மாடிகளில் பிற பாணிக்காரர்களோடு மோதிப் பெயர் வாங்கிய வோங் ஷுன் லியுங்கின் கிளையில்கூட, இன்றைக்கு ஒரு வகுப்பு போல இன்னொன்று இருக்காது. உங்கள் சிஃபு, அதாவது ஆசிரியர், செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அதனால் ஒரு வகுப்பை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். முன்கூட்டியே செய்தி அனுப்பி அனுமதி வாங்கிக்கொண்டு, காலணியை வாசலில் விட்டுவிட்டு, ஓரமாக உட்காருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

சி சௌ, அதாவது இருவர் முன்கைகளை ஒட்டிவைத்துச் சுழற்றும் பயிற்சி, மொத்த நேரத்தில் எவ்வளவு? இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி அதுவே என்றால் யோசியுங்கள். சி சௌ நல்ல பயிற்சிதான். ஆனால் அதில் இருவரின் கைகளும் தொடக்கத்திலேயே ஒட்டியிருக்கும். சண்டையில் எதிராளி அந்தத் தொடுதலை உங்களுக்குத் தரமாட்டார். அவரிடம் அதை வாங்கும் வழியைச் சொல்லித் தருகிறார்களா என்று கவனியுங்கள்.

குத்துகிறவர் குத்திவிட்டுக் கையைத் திரும்ப இழுக்கிறாரா, அல்லது நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, மற்றவர் நாலு அசைவு செய்து முடிக்கும்வரை காத்து நிற்கிறாரா? நான் பதினான்கு மாதம் பழகியது இரண்டாவது வகை.

மூத்த மாணவர்களில் யாராவது வியர்த்து மூச்சு வாங்குகிறார்களா? மூலையில் கையுறைகள் கிடக்கின்றனவா, அவை பழசாகத் தேய்ந்திருக்கின்றனவா?

அப்புறம் மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள். முதல் கேள்வி: "இங்கே கோர் சௌ மட்டுமா, ஸான் சௌவும் உண்டா?" கோர் சௌ என்றால் ஒட்டிய கையிலிருந்து விடுபட்டுத் தாக்குவது, ஸான் சௌ என்றால் தூரத்திலிருந்து தொடங்கும் கட்டற்ற சண்டைப் பயிற்சி. இந்த இரண்டு சொல்லும் தெரிந்தாலே உங்களை வேறு மாதிரி நடத்துவார்கள். அடுத்தது: "எத்தனையாவது மாதத்தில் தொடங்கலாம்?" மூன்றாவது: "பிற பாணிக்காரர்களோடு பழக அனுமதி உண்டா?"

"எங்கள் அடிகள் உயிரைப் பறிப்பவை, அதனால் பயிற்சியில் பயன்படுத்த முடியாது" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். கண்ணில் குத்துவதை நிஜமாகப் பழக முடியாது, சரி. ஆனால் கண்ணில் விரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவருக்கு நெற்றியில் கையுறையைத் தொடவைக்கத் தெரிய வேண்டுமே.

4. பணம்

கணக்குக்கு ஒரு ஹாங்காங் டாலரை ஏறக்குறைய 11 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏறி இறங்கிய ஐந்து இடங்களில், வாரம் இரண்டு மூன்று வகுப்புக்கு மாதம் 700 முதல் 1,300 டாலர் வரை சொன்னார்கள். தனிப் பாடம் மணிக்கு 500-லிருந்து தொடங்கியது. இப்போது நான் கட்டுவது மாதம் 900.

வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். நான் 9,600 டாலர் அப்படித்தான் கட்டினேன். நான்காவது மாதமே சந்தேகம் வந்தும், கட்டிய பணத்துக்காகவே மீதி மாதங்கள் போய்க்கொண்டிருந்தேன். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். ரசீது கேளுங்கள். காயம் பட்டோ ஊருக்குப் போயோ நின்றுவிட்டால் அந்த மாதத்தைத் தள்ளி வைப்பார்களா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சீருடைச் சட்டை 100, 150 இருக்கும். தேர்வுக் கட்டணம், இடுப்புப் பட்டி, சான்றிதழ் என்று தனித்தனியாக வாங்கும் இடங்களும் உண்டு. சேரும்போதே மொத்தமாகக் கேட்டுவிடுங்கள்.

பை சி பற்றி ஒரு வார்த்தை. சிஃபுவுக்கு முழங்காலிட்டுத் தேநீர் கொடுத்து, சிவப்பு உறையில் பணம் வைத்து, முறைப்படி சீடராகும் சடங்கு அது. அழகான வழக்கம், நான் மதிக்கிறேன். ஆனால் வருடக்கணக்கில் ஒருவரையொருவர் பார்த்த பிறகு நடப்பதுதான் அதன் முறை. சேர்ந்த இரண்டாம் மாதமே பெரிய தொகையோடு அதைப் பேசினால், "இன்னும் நான் தகுதி பெறவில்லை" என்று சொல்லித் தள்ளிப் போடுங்கள். மரியாதைக்கும் குறை வராது, பணமும் தப்பும்.

5. வாங்க வேண்டியவை

பல் காப்பு, இடுப்புக் கீழ்க் காப்பு, முழங்கால் கீழ்க் காப்பு, 16 அவுன்ஸ் குத்துச்சண்டைக் கையுறை, விரல் திறந்த 7 அவுன்ஸ் கையுறை. எல்லாம் சேர்த்து எனக்கு 1,400 டாலர் ஆனது. இரண்டு வகைக் கையுறைக்கும் காரணம் உண்டு. 16 அவுன்ஸில் லாப் சௌ, அதாவது கையைப் பிடித்து இழுப்பது, நடக்கவே நடக்காது. "கையுறை போட்டதால்தான் தோற்றேன்" என்று சொல்லத் தோன்றும். திறந்த கையுறையில் மெதுவான வேகத்தில் அதே சுற்றை ஆடினால் அது உண்மையா இல்லையா என்று தெரிந்துவிடும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை அதிர்வைத் தடுக்காது. அதை நம்பிப் பலமாக அடித்துக்கொள்ளாதீர்கள்.

6. முதல் மூன்று மாதம்

சியூ நிம் தௌ என்ற முதல் வடிவத்தை நின்ற இடத்திலேயே செய்ய வைப்பார்கள். முழங்கால்களை உள்ளே இறுக்கி நிற்கும் யீ ஜீ கிம் யுங் மா நிலையில் தொடை நடுங்கும். இதைக் குறைக்காதீர்கள். முழங்கையை உடலின் நடுக்கோட்டில் வைக்கும் பழக்கமும், தோளை இறுக்காமல் குத்தும் பழக்கமும் இங்கேதான் வருகின்றன. பின்னால் நெருக்கத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது இது இரண்டும்தான்.

அதே நேரம் இரண்டாம் மாதத்திலிருந்தே கால் நகர்வைத் தனியாகப் பழகுங்கள். பல வகுப்புகளில் இரண்டாவது வடிவமான சம் கியூ வரும்வரை காலை நகர்த்தவே விடமாட்டார்கள். அது வர ஒரு வருடமும் ஆகலாம். நான் வீட்டில் தினமும் பத்து நிமிடம் கயிறு தாண்டி, தரையில் ஒட்டிய நாடாவின் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடியெடுத்துப் பழகினேன். அந்த நாடாவின் விலை 12 டாலர். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

7. நான்காம் மாதத்திலிருந்து சோதனை

இந்தப் படியை யாரும் விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் கட்டற்ற சண்டைக்குப் போகாமல், எதிர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

முதல் நான்கு வாரம்: எதிராளி ஒரே ஒரு குத்து மட்டும், இடது நேர்க்குத்து. ஆனால் எப்போது வரும் என்று சொல்லமாட்டார், குத்தியதும் கையை இழுத்துவிடுவார், நகர்ந்துகொண்டே இருப்பார். உங்கள் வேலை பாக் சௌவால், அதாவது உள்ளங்கையால், தட்டிவிட்டு, அதே கணத்தில் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்து நேராகக் குத்துவது. தட்டுவதும் குத்துவதும் தனித்தனியாக நடந்தால் காலம் கடந்துவிடும். எனக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது.

அடுத்த நான்கு வாரம்: எதிராளி இரண்டு குத்து சேர்க்கலாம், வளைகுத்தும் வரலாம். விங் சுன் கைநிலையில் இரண்டு கையும் மார்புக்கு முன்னால் நடுக்கோட்டில் நிற்கின்றன. வளைகுத்து அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு தாடையில் விழும். தீர்வு எளிது. பின்கையை, அதாவது வு சௌவை, தாடை உயரத்துக்கு ஏற்றுங்கள். மோவாயைக் கீழே இறக்குங்கள். உங்கள் சிஃபு ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அவரை அந்தப் பயிற்சியைப் பார்க்கச் சொல்லிக் காட்டுங்கள். என்னுடைய இப்போதைய சிஃபு ஒரே ஒரு சுற்றைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கையை ஏற்றச் சொன்னார்.

அதற்குப் பிறகு: இரண்டு நிமிடச் சுற்று மூன்று, பாதி பலத்தில், உங்கள் வகுப்பைச் சேராத ஒருவரோடு. ஒரே வகுப்புக்காரர்கள் ஒரே தவறைச் செய்வார்கள், அதனால் தவறு வெளியே தெரியாது. மாதம் ஒரு முறை போதும். போனில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே பார்க்காமல் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

எனக்கு உதவியவை: நேர்க்குத்தைத் தட்டி உள்ளே நுழைவது, நெருங்கியதும் எதிராளியின் முழங்கை மடிப்பை அழுத்தி அவர் கையை முடக்குவது, கழுத்தைப் பிடித்து இழுத்து முழங்கையைக் கொண்டுபோவது. குத்துச்சண்டைக்காரர்கள் நெருங்கியதும் கட்டிப்பிடித்து நடுவர் பிரிக்கக் காத்திருப்பார்கள். அந்த இரண்டு மூன்று நொடிதான் விங் சுன்னின் வீடு. சி சௌவில் செலவிட்ட நேரமெல்லாம் அங்கே திரும்பக் கிடைக்கிறது. அந்த உணர்வு வந்த நாளில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உதவாதவை: பின்வாங்கி நகர்பவரைத் துரத்திச் சங்கிலிக்குத்து, அதாவது இரண்டு கையாலும் மாறி மாறி விடாமல் நேர்க்குத்து, போடுவது. இடுப்பு திரும்பாத குத்துகளில் பலம் குறைவு, துரத்தும்போது நம் தலை நேர்க்கோட்டில் முன்னே போய் நிற்கும். போங் சௌவை, அதாவது முழங்கையை உயர்த்தி முன்கையைச் சாய்த்து வைக்கும் நிலையை, தூரத்திலிருந்து தடுப்பாகப் பயன்படுத்துவதும் வீண். அது ஏற்கனவே தொட்டிருக்கும் கையின் அழுத்தத்தைத் திருப்பிவிட மட்டும்தான்.

ஊரில் கபடி ஆடிய நண்பர் ஒருவர் இங்கே இருக்கிறார். அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தை போட்ட அறைக்குக் கூட்டிப்போனேன். குனிந்து கணுக்காலைப் பிடித்தார், நான் கீழே. மூன்று முறையும் அதேதான். விங் சுன் வடிவங்களில் தரைக்கு நேரடியான பதில் கிடையாது. அதற்குப் பிறகு ஜூடோ வகுப்பில் மூன்று மாதம் விழவும், விழுந்தால் எழவும் மட்டும் கற்றுக்கொண்டேன். நீங்களும் அதற்கு மூன்று மாதத்தை ஒதுக்கிவிடுங்கள்.

2017-ல் செங்டுவில் சூ ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரர் ஒரு தைச்சி ஆசிரியரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அடுத்த வருடம் ஒரு விங் சுன் வீரரையும் பலமுறை தரையில் விழவைத்தார். அந்தப் பதிவுகளைக் கலையை இழிவுபடுத்தவோ, "அவர் உண்மையான ஆசிரியரே இல்லை" என்று தள்ளவோ பார்க்காதீர்கள். தூரத்தை மட்டும் கவனியுங்கள். கைகள் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிடுவதைப் பார்ப்பீர்கள்.

8. காப்பீடு, காயம், சட்டம்

பயணக் காப்பீடுகள் பலவற்றில் சண்டைக் கலைகள் விலக்கப்பட்டிருக்கும். விலக்குகள் பகுதியை வாங்கும் முன்பே படியுங்கள். வெளியூர்க்காரருக்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு முறை பார்க்கவே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். இதயக் கோளாறு, விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, சான்றும் வாங்கி வாருங்கள். சில வகுப்புகளில் கேட்கிறார்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் சரி என்னும்வரை கையுறையைத் தொடாதீர்கள்.

பாட் ஜாம் தௌ எனும் இரட்டைக் கத்திகளைக் கூர்மையுள்ளதாக வாங்காதீர்கள். பொது இடத்தில் தகுந்த காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பது ஹாங்காங்கில் குற்றம். மரக்கத்தி வகுப்பிலேயே கிடைக்கும்.

9. ஃபோஷானுக்குப் போகலாமா?

இப் மான் பிறந்த ஊர் சீனப் பெருநிலத்தில் உள்ள ஃபோஷான். அங்கே ட்சு மியாவ் கோயில் வளாகத்தில் அவருக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. ஹாங்காங்கின் மேற்குக் கவ்லூன் நிலையத்திலிருந்து குவாங்சோ தெற்கு நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும், அங்கிருந்து மெட்ரோ. ஆனால் ஹாங்காங் பதிவு சீனப் பெருநிலத்துக்குச் செல்லாது; இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி சீன விசா வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லாததால், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். விங் சுன்னுக்கு மாண்டரின் மொழியில் யோங் சுன் என்று பெயர். பழகுவதற்கென்று போகாதீர்கள், பார்த்து வரப் போங்கள். 14 நாள் பயணத்தில் பழகும் நாளை ரயிலில் செலவழிக்க வேண்டாம்.

10. மரத்தூண் வாங்குவது கடைசியில்

எல்லோருக்கும் முதலில் வாங்கத் தோன்றுவது முக் யான் சோங் என்ற அந்த மரத்தூண்தான். இப் மான் வழியில் அதற்கு 116 அசைவு கொண்ட வடிவம் உண்டு. கோணத்தையும் நிலையையும் அது திருத்தும், நேரத்தைக் கணிக்கக் கற்றுத்தராது. தூண் திருப்பி அடிக்காது. ஏழாம் படியில் ஆறு மாதம் ஆகாமல் வாங்காதீர்கள். வாங்குவதானால் முதலில் லிஃப்ட் கதவின் அகலத்தையும் உள் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சுவரில் துளையிட வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள். கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, இரவு எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மர அதிர்வு இரண்டு மாடிக்குக் கேட்கும்.